எந்தத் துணியில சார்?

பேண்டேஜ் துணி கிழிபடும் சத்தத்தை அந்த நாளில் நான் வெறுத்தேன். ராஜபாளையத்துப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கும் என் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு டீச்சர், ஊரில் பேண்டேஜ் நெய்யும் தறிக்கூடங்களில் கழித்துப் போட்ட துணியைக் கேட்டு வாங்கி வந்து, பிள்ளைகளையே மடிக்கவிட்டு, கிழிக்கவிட்டுப் பின்னம் நடத்துவார். பாதி. கால். அரைக்கால். நூல் நூலாக அறுந்து அந்தச் சத்தம் என் பல்லில் வந்து கூசும். இந்தப் பக்கம் என்னிடம் ஒரு மர ஸ்கேல். அதன் ஓரத்தில் பதித்த தகரம். அடிக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிரம்பைத்தானே சொல்கிறார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்த எரிச்சல் முதல் பீரியடிலேயே யாரோ ஒரு பிள்ளையின் விரலில் இறங்கிவிடும். தப்பாகச் சொன்னால் ஒன்று, தயங்கினால் ஒன்று. என் வகுப்பில் எல்லோரும் சரியாகவே சொன்னார்கள். பயந்த வாய் சரியாகத்தான் சொல்லும்.

முந்தின வருஷம் டீச்சர் நடத்தியதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் சொல்லவில்லை. அவள் அம்மா பேண்டேஜ் வெட்டும் வேலைக்குப் போகிறவள். மூன்றில் ஒன்று பெரிதா, ஐந்தில் ஒன்று பெரிதா என்று கேட்டேன். எழுந்து நின்று, "எந்தத் துணியில சார்?" என்றாள். பின்வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அடித்தேன். அடி விழுந்தது அவள் விரலில். மறுபடியும் கேட்டேன். "பெரிய துணின்னா அஞ்சுல ஒண்ணே பெருசா இருக்கும்ல சார்." ஸ்கேலைத் திருப்பித் தகர ஓரத்தால் இறக்கினேன். எலும்பு துணியைப் போல நீளமாகச் சத்தம் போடுவதில்லை. உலர்ந்த ஒரு சொடுக்கு, அவ்வளவுதான்.

டீச்சர் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையிலிருந்த அரைக்கால் துண்டை அந்த விரலில் சுற்றினார். மூன்று சுற்றையும் தாண்டி ரத்தம் வந்தது. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அவ கேட்டது சரிதான் சார். முழுசு எம்புட்டுன்னு தெரியாம எந்தப் பங்கையும் பெருசுன்னு சொல்ல முடியாது."

தலைமையாசிரியர் வேறு கணக்குப் போட்டார். "விழுந்துட்டாள்னு சொல்லிருங்க. இல்லாட்டி வேலை போயிரும்." அவள் அம்மா தலையெல்லாம் பஞ்சோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து, "ஏட்டி, என்னட்டி ஆச்சு?" என்று கத்தினாள். படியில் விழுந்துவிட்டாள் என்றேன். பிள்ளை என்னைப் பார்த்தது. பிறகு, என்னைக் காப்பாற்றுகிற குரலில், "ஆமாம்மா, விழுந்துட்டேன்" என்றது.

ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்ததும், கூட வந்திருந்த டீச்சர் சொன்னார்: "இப்ப மூணாவது அடியும் அடிச்சிட்டீக சார்."

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். டீச்சரும் வந்தார், ஆனால் எனக்காக ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நடந்ததைச் சொல்லி முடித்ததும் அம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். கத்தரி பிடித்துக் காய்த்த கை அது. என் கண்ணாடி எகிறிப் போய்ச் சாக்கடையில் விழுந்தது. "இது பாதிதான் வாத்தியாரே," என்றாள் அம்மா, மூச்சு வாங்க. "மிச்சத்த அவ அப்பா லாரில இருந்து எறங்கி வந்து தருவாக." டீச்சர் குனிந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையில் துடைத்துத் தந்தார். அவர் எனக்கு இரக்கம் காட்டியது அந்த ஒரு தடவைதான்.

டீச்சர் பிறகு சேத்தூர்ப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். இன்று என் வகுப்பிலும் பிள்ளைகள் துணி கிழிக்கிறார்கள். அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனபோதும் அந்த விரல் முழுதாக நிமிரவில்லை. அவள் அப்பா வரவே இல்லை. பள்ளி வாசலில் லாரி ஏதாவது பிரேக் போட்டு நின்றால், அடி வாங்காத கன்னம்தான் எனக்கு எரிகிறது.