பச்சைக்கு நேராக ஓர் இடம்

சொற்போர் மேடையில் ஏறுமுன், அரங்கின் சன்னல் கண்ணாடிகளுக்குப் புதிதாக வைத்திருந்த மக்குப் பசையிலிருந்து எழுந்த ஆளிவிதை எண்ணெயின் வாசம், எழுபதுகளின் சாந்தன்பாறையில் எஸ்தர் அத்தை வண்ணக் கண்ணாடி ஓவியங்கள் செய்த பழைய ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் என்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. இன்று அங்கே ஒரு சுவர்கூட இல்லை. ஆனால் ஏலமணமும் எண்ணெய் வாசமும் கலந்த அந்தக் காற்றும், கண்ணாடியைக் கீறும் கூரிய ஒலியும், ஈயச் சட்டத்தில் ஒவ்வொரு துண்டையும் பொருத்தியபின் நகத்தால் தட்டிப் பார்க்கும் அத்தையின் பழக்கமும் என்னிடம் அப்படியே இருக்கின்றன.

ஏலச்செடிகளுக்கு நடுவே நிற்கும் மேய்ப்பரைத் தீட்டி முடித்து, வெயில் படும்படி ஸ்டோரின் சன்னலில் அத்தை நிறுத்தியிருந்த காலையில், அதைத் தேவாலயத்தில் பதிக்கலாமா என்று தீர்மானிக்க சபை மூப்பர் வந்தார். முற்றத்தில் நின்றபடியே பார்த்தார்.

"என்ன எஸ்தரு, ஒரே கருப்பால்ல கெடக்கு? மேய்ப்பரு அடுப்படியிலயா நிக்காரு?"

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். எதிர்வாதங்களை அடுக்கியே பழகிய நான் இன்றும் வியக்கும்படி, அத்தை வாதாடாமல் கதவை அகலத் திறந்தார்.

"வெளிய நின்னா கருப்புத்தான் அண்ணாச்சி. உள்ள வாங்க."

உள்ளே வந்தவரின் வெள்ளை வேட்டியில் சிவப்பும் பச்சையும் விழுந்தன. அவர் உள்ளங்கையை நீட்டி, நிறத்தை ஏந்தி, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

"கோயில்ல மாட்டிருவோம் தாயி," என்றார். "ஆனா ஞாயித்துக்கெழம இந்தப் பச்சைக்கு நேரா எனக்கு ஒரு எடம் போட்டு வச்சிரு."