பதிவேட்டில் இல்லாத வாய்க்கால்

எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை ஊரில் கீழ வாய்க்கால் என்போம். பேராவூரணிப் பக்கம் கடைமடை ஊர் எங்களுடையது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் வழியில் எல்லாருக்கும் பாய்ந்து மிச்சம் இருந்தால்தான் எங்களிடம் வரும். அந்த மிச்சமும் வந்து சேராதபடி வாய்க்கால் முழுக்கக் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடந்தன. பக்கத்து ஊர்களில் பொக்லைன் இறங்கித் தூர்வாரியது. எங்கள் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நிலத்தை நானும் அவருடைய அம்மாவும், அதாவது அத்தையும்தான் பார்த்துக்கொண்டோம். அந்த வருஷம் அடுத்தவர் போர்செட்டில் தண்ணீர் வாங்கி நாற்று விட்டிருந்தோம். நாற்றங்காலுக்கு அது போதும், நடவுக்குக் காணாது. வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் நாற்று முற்றி மாட்டுக்குத்தான் போகும்.

யாரிடமும் போய் நின்று கெஞ்சுவது எனக்கு வராது. எழுதிக் கேட்பது வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பாசன அலுவலகத்துக்கு மனு போட்டேன். கீழ வாய்க்கால் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, இந்த ஆண்டுத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். பதில் வந்தது. மேற்படி பெயரில் வாய்க்கால் ஏதும் இவ்வலுவலகப் பதிவேடுகளில் இல்லை. அத்தையிடம் படித்துக் காட்டினேன். அப்படியானால் இத்தனை வருஷமாக மாட்டை எங்கே குளிப்பாட்டினோமாம் என்று கேட்டார்.

கோப்புகளை நேரில் பார்க்கவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. அதற்கும் ஒரு மனு எழுதிப்போட்டுவிட்டு, அவர்கள் சொன்ன நாளில் பஸ் ஏறிப் போனேன். உதவியாளர் என் வயதுப் பெண். மின்விசிறியைப் போட்டு, கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே எங்கள் கிராம சபைத் தீர்மானங்கள் வருஷ வாரியாக இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கை, கீழ வாய்க்காலைத் தூர்வார வேண்டும். எல்லாவற்றின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரே குறிப்பு, பெயர் பொருந்தவில்லை. அப்படியானால் எது என்று ஒருவர்கூட ஊரைக் கேட்டிருக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வயலுக்கு வருவது பிறகு என்ன வாய்க்கால் என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் வரைபடத்தை விரித்து, என் சர்வே எண்ணைத் தேடி விரல் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எங்ககிட்ட இது சுடுகாட்டு வாய்க்கால்னு இருக்குங்க. அந்தப் பேர்ல இதுவரைக்கும் உங்க ஊர்லேருந்து யாரும் எதுவும் கேக்கலைங்க.”

சுடுகாடு அந்தக் கரையில்தான் இருக்கிறது. ஆனால் ஊரில் யாரும் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டார்கள். சாவுக்குப் போய்வந்தவர்கூட, கீழப் பக்கம் போய்வந்தேன் என்றுதான் சொல்வார். விதை நெல்லை நனைக்கிற தண்ணீருக்கு அந்தப் பெயரை யார் வைப்பார்கள்? வாழ வந்த எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாது. கரையோரமாக பைக்கில் போய்வருகிற அலுவலர்களுக்குத் தெரியும். தெரிந்தும்தான் பெயர் பொருந்தவில்லை என்று எழுதிவைத்தார்கள். எங்கள் நாசூக்கு அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அதில் எனக்கு இன்றும் கோபம்தான்.

அத்தையிடம் விஷயத்தைச் சொல்லி, இனி அந்தப் பெயரில் தீர்மானம் போட்டால்தான் நடக்கும் என்றேன். அவர் அரிசி களையப் போய்விட்டார். மாமாவை அந்தக் கரைக்குக் கொண்டுபோய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கிராம சபை பள்ளிக்கூடத்தில் கூடியது. நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் சரிதான் என்றார்கள். ஊராட்சிச் செயலர் பேனாவைத் திறந்து, வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார். யாரும் சொல்லவில்லை. சர்வே எண்ணை மட்டும் போடலாமே என்றார் ஒருவர். கிழக்கே உள்ள வாய்க்கால் என்று போடலாம் என்றார் இன்னொருவர். பெயர் இல்லாவிட்டால் மறுபடியும் திரும்பி வரும் என்றார் செயலர். நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருந்ததால் மூடிக்கொண்டேன். அவர் எழுந்தார்.

“சுடுகாட்டு வாய்க்கால்னே எழுதுங்க. எங்க வீட்டுக்காரரு அங்கதான் இருக்காரு. அவரும் தண்ணி வருதான்னுதான் பாத்துக்கிட்டு இருப்பாரு.”

யாரும் சிரிக்கவில்லை. செயலர் எழுதினார்.

அந்த வருஷம் தண்ணீர் எங்கள் வயல்வரை வரவில்லை. முற்றிய நாற்றை அறுத்து மாட்டுக்குப் போட்டபோது நான் அழுதேன், அத்தை அழவில்லை. அடுத்த வருஷம் தண்ணீர் திறக்கும் முன்னாலேயே பொக்லைன் வந்தது. தண்ணீர் கடைசி வயல்வரை ஏறியது, நட்டோம். மகனிடம் போனில் அத்தை அந்தப் பெயரைச் சொல்லியே தண்ணீர் வந்த கதையைச் சொன்னார். ஊரும் மெல்ல அதற்குப் பழகிக்கொண்டது.

போன தை அறுப்பு முடிந்த கையோடு அத்தையையும் அங்கேதான் கொண்டுபோனார்கள்.

இந்த வருஷமும் தூர்வாருவது பற்றி மனு எழுதினேன். பெயரைப் பதிவேட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதினேன். தண்ணீர் வந்த அன்று கணவர் போனில் கூப்பிட்டு, வந்ததா என்று கேட்டார்.

“கீழ வாய்க்கால்ல வந்துருச்சுங்க” என்றேன்.