மழை நாளில் விழுந்த பேர்

ஆண்டவர் செய்ததைச் சொல்ல நிற்கிறேன். எனக்கு நீளமாகப் பேச வராது.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினேன். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள், செல்வி. போன வருஷம் மழை விடவே இல்லை. மழையில் பால் வெட்ட முடியாது. வெட்டாவிட்டால் பேர் விழாது. பேர் என்றால் எங்களுக்கு ஒருநாள் சம்பளம்; பாதி நாளுக்கு அரைப் பேர்.

செல்வியின் படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பச் சொன்னார் ஒரு தரகர். மாதக் கடைசியில் கூட்டிப்போக வருவதாகச் சொல்லிப் போனார். நான் முழங்காலில் நின்றேன். மழையை நிறுத்தும் ஆண்டவரே என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

மழை நிற்கவில்லை.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டு ராணியக்கா கத்தினார்.

"ஏய் மேரி, சர்ச் ஹோல்ல பேர் எடுக்குறாங்களாம். ஓடு!"

மழை நாளுக்கும் பேர் போடுகிறார்களா? பால் கத்தியோடு ஓடினேன்.

அங்கே ஒரு சிங்கள மிஸ் பெண்களின் பேரை எழுதிக்கொண்டிருந்தார்.

"முழுப் பேரா, அரைப் பேரா மிஸ்?" என்று கேட்டேன்.

"முழுப் பேர் சொல்லுங்க."

ஹோலே சிரித்தது. வீட்டுக்குக் கரண்டு வயர் இழுக்கும் வேலை படிக்கத்தான் பேர் எடுத்தார்களாம். திரும்பியிருப்பேன். வெளியே மழை. உட்கார்ந்தேன்.

மிஸ் ஒரு வயரைத் தந்தார். "மேல் தோல் மட்டும் வெட்டுங்க. உள் கம்பியில காயம் வேணாம்."

எனக்கு ஆச்சரியம். ரப்பர் மரத்திலும் அதே சட்டம்தானே? பட்டையை வெட்டலாம், மரத்தைத் தொடக்கூடாது. கை தானாக வெட்டியது. அதன்பிறகு கேள்வி அடங்கவில்லை. வயரில் போன கரண்டு ஏன் திரும்பி வருகிறது? பல்பு இல்லாவிட்டால் எங்கே நிற்கிறது?

படிக்கிற நாளுக்குச் சாப்பாடும் கைச்செலவும் தந்தார்கள். தரகர் வந்தார். பிள்ளை வரமாட்டாள் என்றேன்.

"கரண்டப் புடிச்சா கருகிப் போயிருவ, மேரி."

"மெயின் சுவிச்ச ஓஃப் பண்ணிட்டுத்தான் தொடுவேன், அண்ணே."

இன்று வீடுகளுக்கு வயர் இழுக்கிறேன். கூரைக்குக் கீழே வேலை. மழையிலும் பேர் விழுகிறது. செல்வி பள்ளிக்கூடம் போகிறாள்.

அன்று மழை நின்றிருந்தால் நான் மலையில் மரத்தடியில் இருந்திருப்பேன். ஆண்டவர் ஏன் நிறுத்தவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். கொஞ்சம் புரிகிறது.

உங்கள் மழையும் நிற்கவில்லையா? நான் சொல்வதைக் கேளுங்கள். யாராவது பேர் எடுத்தால், எதற்கென்று தெரியாவிட்டாலும் போய்ப் பாருங்கள். கூப்பிடுவது அவராக இருக்கலாம்.