மடு மண்ணும் வயிற்று ஸ்கானும்: மன்னாரில் இருந்து யாழ்ப்பாணம் போய் வந்த கதை

என் மச்சாள் எமில்டாவின் உள்ளங்காலில் இருந்த கறுப்பு மச்சத்தைப் போன வருடம் வெட்டி எடுத்தார்கள். மடு மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு நடந்தபோது முள் குத்திக் கறுத்தது என்றுதான் அதுவரை சொல்லித் திரிந்தாள். தோல் புற்றுநோய். இப்போது வயிறு ஊதிச் சாப்பாடு இறங்குவதில்லை. நோய் வயிற்றுக்குள் பரவிவிட்டதா என்று பார்க்க, இந்த மாசியில் யாழ்ப்பாணத்தில் சீ.ரி. ஸ்கான் எடுக்கச் சொன்னார்கள்.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் புருசன், என் தம்பி, உயிரோடு இல்லை. ஆகவே நான் கூடப் போனேன். என் மகளின் கலியாணத்தில் கை நனைக்காமல் எழும்பிப் போனவள் அவள். அன்றைக்கு எந்தக் கதிரையில் இருந்தாள், என்ன சேலை உடுத்தாள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

மன்னாரில் விடிய ஐந்தரைக்கு பஸ். யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல், மூன்று மணித்தியாலம். போகும்போதும் வரும்போதும் இடது பக்கம் இருங்கள், வெயில் படாது. முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளாங்குளம் தாண்டியதும் எமில்டா ஜன்னல் பக்கம் திரும்பிப் போத்தலைக் கவிழ்த்துக் குடித்தாள். தாகம் என்று நினைத்தேன்.

ஸ்கான் எடுக்குமிடத்தில் தாதிப் பிள்ளை கேட்டாள். "ஏதும் சாப்பிட்டனீங்களோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை. பச்சைத் தண்ணிதான்."

கையில் மருந்து ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். ஸ்கான் முடிந்து அவள் வந்து என் பக்கத்தில் இருந்தபின், படம் பார்த்த டொக்டர் எங்களிடம் வந்தார். இளம் ஆள்.

"குடலுக்குள்ள வெள்ளை வெள்ளையாத் தெரியுது. என்ன விழுங்கினனீங்கள் அம்மா?"

எமில்டா என்னைப் பார்த்தாள். "சொல்லடி," என்றேன்.

"மாதாவின்ர மண். கொஞ்சம் கரைச்சுக் குடிச்சனான்."

மடுக் கோயில் மண்ணை நோய்க்கும் பாம்புக்கடிக்கும் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"கொஞ்சமோ? கோயில் முற்றத்தையே குடிச்சிருப்பாய்," என்றேன். டொக்டர் சிரிக்கவில்லை.

"மண் படத்தில எலும்பு மாதிரி வெள்ளையா விழும். அதால குடலைச் சரியாப் பார்க்கேலாமல் கிடக்கு. இரண்டு கிழமையால திரும்ப எடுப்பம்."

எமில்டாவின் முகம் மலர்ந்தது. "அப்ப தெரியிறதெல்லாம் மண்தானோ தம்பி? வருத்தம் இல்லையோ?"

அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் இருந்தார். "வெள்ளையாத் தெரியிறது மண்தான் அம்மா. ஈரலிலயும் புள்ளி இருக்கு. அது கறுப்பு. அது மண் இல்லை."

ஒரு மணி பஸ்ஸில் திரும்பினோம். பூநகரி தாண்டியது. நான் கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சலை அவிழ்த்து மடியில் வைத்தேன். மெல்லமாகச் சாப்பிட்டாள்.

"மீன் நல்லாயிருக்கு மச்சாள்."

"கலியாணத்திலயும் இந்த மீன்தான்."

"அண்டைக்கு உப்புக் கூடிப்போச்சு எண்டு சொன்னவையள்."

ஆர் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். விட்டுவிட்டேன். அதையும் மறக்க மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய படங்களையும் இரத்தப் பரிசோதனைத் துண்டையும் கொண்டுபோங்கள். சங்கிலி, அதில் கோத்த மாதா சுருவம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். நாட்டு மருந்தோ, கோயில் மண்ணோ, உள்ளே போனது எதுவானாலும் வெட்கப்படாமல் முதலே சொல்லிவிடுங்கள். திரும்பும்போது சாப்பிட ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.

மன்னாரில் இறங்கியதும் எமில்டா சட்டைக்குள் இருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். மிச்ச மண்.

"அடுத்த ஸ்கான் முடியுமட்டும் நீங்கள் வச்சிருங்கோ. பிறகு கேட்டால் தாங்கோ."

அலுமாரியில் வைத்திருக்கிறேன். கேட்டால் கொடுப்பேன்.