ருசி பார்க்காத ஐசிங்

மொன்ட்ரியால்-நோரில் தாட்சாயினியின் கைப்பக்குவத்தை யாரும் குறை சொன்னதில்லை. அவள் சொல்லவும் விடமாட்டாள். எதையும் ருசி பார்த்துத்தான் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை மட்டும் விரதம். பொழுதுபடும் வரை வாயில் எதுவும் படாது. முட்டை அன்று முழுக்க இல்லை.

மூன்று வயது வரை வாய் திறக்காத அவள் மகளைப் பேச வைத்தவர், கார்டெரி என்னும் பகல் காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் சில்வி. அவர் ஓய்வுபெறும் நாள் வெள்ளியாய்ப் போனது. தாட்சாயினி எலுமிச்சை கப்கேக் சுட்டு, நடுவில் ராஸ்பெரி வைத்து, மேலே பட்டர் ஐசிங் பூசிக் கொண்டுபோனாள். சில்வி நின்றபடியே இரண்டைச் சாப்பிட்டார். மிச்சத்தை ஒருவருக்கும் கொடுக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தனக்கென்று வீட்டில் எடுத்து வைத்த ஒன்றைத் தாட்சாயினி மறுநாள் காலை கடித்தாள். ஐசிங் சீனி என்று அவள் அள்ளிப் போட்டது, புட்டுக்கு அவித்து அரித்து வைத்த மா.

“இஞ்சரப்பா,” என்றாள் கணவனிடம், “அந்த மனிசி ரெண்டு சாப்பிட்டவ.”