பூச்சாடி உடைந்த சனிக்கிழமை

எழுபதுகளின் நடுப்பகுதியில், நாட்டைவிட்டு வந்து, மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில் குடியிருந்தோம். என் கணவர் சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போய்விடுவார். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவள் நான். சுவரோடு கதைத்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாமல், நூலக மண்டபத்தில் பெரியவர்களுக்கு நடந்த வகுப்பொன்றில் சேர்ந்தேன். பழைய ஏதென்ஸில் குடியாட்சி எப்படித் தோன்றி வளர்ந்தது என்பதுதான் பாடம்.

பன்னிரண்டு பேர் படித்தோம். பத்துப் பேர் வெள்ளைக்காரர். மற்ற இருவர் நானும் ஒரு கிரேக்கரும். தன் நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது வெளியேறி வந்தவர் அவர். பக்கத்து லிட்கமில் ஏதோ தொழிற்சாலையில் வேலை. உங்கள் ஊர்க் கதையை இங்கே வந்து ஏன் படிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அங்கே இதைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை," என்றார். அந்த வகுப்பில் என்னோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

ஆசிரியை நன்றாகவே சொல்லித் தந்தார். பிரபுக்களிடம் இருந்த அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக எப்படிக் கைமாறியது, குன்றில் கூடிய சபையில் குயவனும் எழுந்து பேசினான் என்றெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம். எங்கள் ஊர்ப் பெரிய மனிதர் சிலரை இழுத்துவந்து முன்வரிசையில் இருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை ஆசிரியை உடைந்த பூச்சாடி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஏதென்ஸ் மக்கள் விரும்பினால் ஆண்டுக்கு ஒருமுறை ஒருவரைப் பத்து வருடம் ஊரைவிட்டு அனுப்பலாமாம். குற்றச்சாட்டும் இல்லை, மறுமொழியும் இல்லை. உடைந்த பானையின் ஓட்டுத் துண்டில் பெயரை எழுதினால் போதும்; கூடுதலாக வந்த பெயர்க்காரர் போக வேண்டும். "நாங்களும் செய்து பார்ப்போம், விளையாட்டுத்தானே," என்றார். எல்லோரும் சிரித்தோம். பை சுற்றி வந்தது. பக்கத்தில் இருந்த கிரேக்கர் அதற்குள் துழாவி, சாடியின் விளிம்பிலிருந்து உடைந்த வழுவழுப்பான துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார். "மற்றதெல்லாம் கையைக் கிழிக்கும்."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஓட்டில் பென்சில்கள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொருவரும் மற்றக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். என் பெயர்தான் வரப்போகிறது என்று நிச்சயமாகத் தோன்றியது. நான் இல்லையென்றால் வேறு யார்? கிரேக்கருடைய பெயரை எழுதினேன்.

ஆசிரியை ஒவ்வொன்றாக வாசித்தார். முதலாவதில் கிரேக்கரின் பெயர். இரண்டாவதிலும், மூன்றாவதிலும் அதுவே. ஐந்தாவதில் ஆசிரியையின் குரல் தணிந்தது. யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. பதினொரு துண்டுகளில் ஒரே பெயர். பன்னிரண்டாவது வெறுமையாக இருந்தது. அது கிரேக்கருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் எழுந்து மேசையடிக்குப் போனார். துண்டுகளை விரலால் விலக்கி, வழுவழுப்பான அந்தத் துண்டைத் தேடி எடுத்து வாசித்தார். திரும்ப வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மிச்ச அரைமணி நேரமும் பாடம் நடந்தது.

வீட்டில் கணவர் கேட்டார். "இண்டைக்கு என்ன படிப்பிச்சவை?"

"ஒண்டும் புதுசா இல்லை."

வெட்கமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எனக்கு வந்தது ஆறுதல். ஒரு துண்டிலும் என் பெயர் இல்லை. அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை கிரேக்கர் வரவில்லை. அவருடைய கதிரையை யாரோ எடுத்துவிட்டு, மற்றக் கதிரைகளை நெருக்கிப் போட்டிருந்தார்கள். வரவு கூப்பிட்டபோது ஆசிரியை அவர் பெயரை ஒரு கணமும் தயங்காமல் தாண்டிப் போனார். என் முறை வந்ததும் நான் கையை உயர்த்தினேன்.

இடைவேளைக்குச் சற்று முன்னர் பின்வரிசைப் பெண் ஒருத்தி, "அந்த விளையாட்டை இன்னொரு முறை செய்வோமா?" என்று கேட்டாள்.

பத்துப் பேரும் புன்னகைத்தார்கள். ஒருவர்கூட, தவறியும்கூட, என் பக்கம் திரும்பவில்லை.