நான் நிறுத்தச் சொன்ன சீனி

மருந்து ஏற்றும் அறையில் உதவியாளாக இருப்பது, அடுத்தவர் தூக்கத்துக்குக் காவல் இருக்கும் வேலை. திருவனந்தபுரத்தில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் போர்வை கொடுப்பேன், சக்கர நாற்காலி தள்ளுவேன், டாக்டர் மலையாளத்தில் சொல்வதைத் தமிழ்க்காரர்களுக்குத் தமிழில் சொல்வேன். ஸ்கேன் முடிவுக்காக வராந்தாவில் நகம் கடித்தவர்களுக்கு என்னைத் தெரியும். அவர்களோடு சேர்ந்து கடித்தவள் நான்.

வெள்ளைக் கட்டங்கள்

பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த செல்லையா அண்ணாச்சிக்குச் சிறுநீரகத்தில் புற்று. அதை அறுத்து எடுத்த பிறகும் நுரையீரலில் ஒரு கட்டி வந்திருந்தது. அவருடைய ஃபைலை வாங்கப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனபோது, அங்கிருந்த டெக்னீஷியன் பெண் அவருடைய கட்டியின் சீவலை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். மழை விட்ட பிறகு ஜன்னல் கண்ணாடியில் தங்கும் துளிகள் மாதிரி, உள்ளே ஒன்றுமில்லாத வெள்ளைக் கட்டங்கள். அழகாக இருந்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அன்று முழுக்கக் கண்ணை மூடினால் அதுதான்.

"உள்ளே காலியா இருக்கே, பட்டினி கிடக்குதா?" என்று கேட்டேன்.

"பட்டினியா? கொழுப்பும் சீனியுமா நிறைச்சு வச்சிருந்தது சேச்சி, நாங்க கழுவும்போது கரைஞ்சு போச்சு. இது பதுக்கல்காரனாக்கும்."

பனிக்குள் ஏறுகிறவர்கள்

அண்ணாச்சிக்கு ஏற்றுகிற மருந்து கட்டியை நேராக அடிப்பதில்லை. கட்டிதான் உடம்பின் காவல் அணுக்களை அடக்கி வைத்திருக்கும். மருந்து அவற்றை எழுப்பிவிடும். நான்கு முறை ஏற்றியும் கட்டி சிறுக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். காவல் அணுக்கள் கட்டி வரைக்கும் போகின்றன. ஆனால் கட்டி அக்கம்பக்கத்துச் சீனியை எல்லாம் இழுத்துக்கொண்டு, புளித்த கழிவை வெளியே விடுகிறது. போய்ச் சேர்ந்தவை அங்கேயே சோர்ந்துவிடுகின்றன. இது ஒரு காரணமாக இருக்கலாம்.

தமிழில் சொல்லச் சொல்ல, எனக்குள் பொன்முடியின் வளைவுப் பாதை விரிந்தது. பனிக்குள் சின்னச் சின்னக் காவலர்கள் ஏறிப் போகிறார்கள். ஒவ்வொருவராகப் பாதையோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். அண்ணாச்சிதான் என்னை எழுப்பினார்.

"விளங்கிச்சு தங்கச்சி. கங்காணியே மொத்தக் கஞ்சியையும் குடிச்சிட்டா, கொழுந்து பறிக்கிறவ எப்படி மலை ஏறுவா?"

தொளதொளத்த சட்டை

அதோடு விட்டிருக்கலாம். பயந்தவளுக்கு வாய் சும்மா இருக்குமா? நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும்போது, அவர் மனைவி ராசம்மா மதினியிடம், டாக்டர் பேச்சைச் சொன்ன அதே குரலில், "அப்போ சீனியை நிறுத்திடுங்க" என்றேன். எது டாக்டர் சொன்னது, எது நான் சேர்த்தது என்று மதினிக்கு எப்படித் தெரியும்?

மூன்று வாரம் கழித்து வந்தவரின் சட்டை கொடியில் காய்வது போல ஆடியது. முதலில் சாயாவில் சீனி நின்றிருக்கிறது. பிறகு பழம். சோற்றிலும் கஞ்சியிலும் சீனிதான் என்று தோட்டத்து லயத்து வீடுகளில் யாரோ சொல்ல, அதுவும். நாலு கிலோ குறைந்திருந்தது. அன்றுதான் மருந்தோடு ஒரு மாத்திரையும் தொடங்குவதாக இருந்தது. கட்டிக்கு ஓடும் ரத்தக்குழாய்களை மட்டுப்படுத்துகிற மாத்திரை. இந்த உடம்பு தாங்காது, தேறி வரட்டும் என்று டாக்டரம்மா தள்ளி வைத்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, சொன்னது நான்தான் என்றேன்.

"சாப்பாட்டை நிறுத்தினா கட்டி பட்டினி கிடக்காது சேச்சி, அது ரத்தத்திலேருந்து எடுத்துக்கும். விழுறது இவரும் இவரோட காவலும்தான்" என்றார் டாக்டரம்மா.

மருந்துக்கடை வரிசையில்

மதினியிடமும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் மருந்துச் சீட்டைப் பையிலிருந்து எடுத்தாள். வரிசை இரண்டு ஆள் நகர்ந்தது.

"இருபத்தொரு நாளும் அவரு கஞ்சி கேட்டாரு, நான் குடுக்கல்ல. இனிமே யாருகிட்டயும் சொல்லும்போது, இது டாக்டர் சொன்னது, இது என் பயம்னு பிரிச்சுச் சொல்லு."

இரண்டு கரண்டி

அடுத்த முறை அவர் மூன்று கிலோ ஏறி வந்தார். மதினி கஞ்சியும் மீனும் முட்டையுமாகக் கொடுத்திருந்தாள். மாத்திரை தொடங்கிவிட்டது. கட்டி அடங்குமா என்று அடுத்த ஸ்கேன்தான் சொல்லும். அதுவரை எனக்கு நகம் மிஞ்சாது. மத்தியான வெயில் நீலத் திரையில் பட்டு, அறையே தண்ணீருக்கடியில் இருப்பது போல இருந்தது. மருந்து துளித்துளியாக இறங்கியது. கான்டீனிலிருந்து அவருக்குச் சாயா வாங்கி வந்தேன். பழைய பயத்தில் சீனி போடாமலே வாங்கியிருக்கிறேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"ரெண்டு கரண்டி சீனி போட்டுக் கொண்டா தங்கச்சி. ஒண்ணு அந்தக் கள்ளன் எடுத்துக்கட்டும், ஒண்ணு நம்ம ஆளுகளுக்கு."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இந்த வயதில் படித்த ஒரே பாடம், டாக்டர் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்திக்கொள்வது.